ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் ஒரு கையெழுத்து

எங்கள் குடும்பத்தில் இதுவரை இரண்டு கார்கள் செத்திருக்கின்றன. முதல் கார் 1987 தை மாதம் உளுந்தூர்பேட்டைக்கு வடக்கே ஒரு புளியமரத்தில் மோதிச் செத்தது. இரண்டாவது 2023 டிசம்பர் 4-ஆம் தேதி பள்ளிக்கரணையில், எங்கள் வீட்டு வாசலிலேயே மூழ்கிச் செத்தது. முதல் காருக்கு இன்ஷூரன்ஸ் பணம் வாங்க அப்பா பதினான்கு மாதம் அலைந்தார். இரண்டாவது காருக்கு நான் அறுபத்திரண்டு நாள் போராடினேன். இரண்டு தடவையும் காகிதங்களைப் படித்துச் சொன்னவள் நான்தான். முதல் தடவை எனக்கு வயது பதினான்கு. படித்தேனே தவிர, படித்தது எனக்குப் புரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுடையது 1981 மாடல் அம்பாசடர் மார்க் 4, டீசல் வண்டி. விழுப்புரத்தில் ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் கடன் வாங்கி செகண்ட் ஹேண்டாக எடுத்தது. ரயில்வே ஸ்டேஷன் வாசல் ஸ்டாண்டில் நிற்கும். கல்யாணம், சாவு, பிரசவம் எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஒரு குடும்பத்தைத் திருச்சியில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். விடியற்காலை மூன்று மணி. அப்போது டிரங்க் ரோடு இரண்டு வழிச் சாலை, இரண்டு பக்கமும் புளியமரம். கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று விளக்கில்லாமல் நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தது. வண்டியில் இருப்பவர் மேல் இடிக்கக்கூடாதென்று ஸ்டீயரிங்கை ஒடித்தார். மரம் வந்துவிட்டது. அப்பாவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மாட்டுக்கும் வண்டிக்காரருக்கும் ஒரு கீறல் இல்லை. கடைசிவரை அப்பா அதைத்தான் முதலில் சொல்வார், காரைப் பற்றி அப்புறம்தான் பேசுவார்.

அந்தக் காலத்தில் வாகன இன்ஷூரன்ஸ் என்றால் நாடு முழுவதற்கும் நான்கே கம்பெனிகள். 1972-இல் சட்டம் போட்டு, 1973 ஜனவரி 1 முதல் நூற்றேழு தனியார் கம்பெனிகளை நான்கு அரசுக் கம்பெனிகளாக்கினார்கள். பிரீமியம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரு கதவு திறக்காவிட்டால் அடுத்த கதவைத் தட்டலாம் என்கிற பேச்சே கிடையாது. தபாலாபீஸ், ரேஷன் கடை மாதிரி இன்ஷூரன்ஸ் ஆபீஸும் ஒரு சர்க்கார் ஆபீஸ். அதற்குரிய பயத்தோடுதான் அப்பா அங்கே போவார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார். கால் கட்டோடு, கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு போன நாளிலும் ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனதை நான் பார்த்தேன்.

வேண்டிய காகிதங்களின் பட்டியல் இன்றும் எனக்கு மனப்பாடம். எஃப்.ஐ.ஆர். நகல், ஆர்.சி. புக், பெர்மிட், எஃப்.சி., லைசென்ஸ், பேட்ஜ், டிங்கர் கடை எஸ்டிமேட், அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட். முன்பக்கம் முழுக்க மரத்துக்குள் புகுந்த வண்டியில் பிரேக் சரியாக இருந்ததா என்று பார்த்து, இயந்திரக் கோளாறால் நடந்த விபத்து அல்ல என்று பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதித் தரவேண்டும். அதற்கே இருபது நாள் ஆனது. பெர்மிட்டின் அசல் வண்டிக்குள் இருந்து ரத்தத்திலும் டீசலிலும் ஊறி நைந்துபோயிருந்தது. நகல் வாங்கி வரும்வரை ஃபைல் நகராது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் அதிலேயே போயிற்று. இப்போது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை, காகிதம் இல்லை என்கிற காரணத்துக்காக மட்டும் ஒரு க்ளெய்மை நிராகரிக்கக்கூடாது என்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த நைந்த பெர்மிட்தான் ஞாபகத்துக்கு வந்தது.

விபத்து நடந்து பதினோராம் நாள் சர்வேயர் வந்தார். மெக்கானிக் ஷெட்டின் பின்பக்கம், எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் வண்டி கிடந்தது. பானெட் இரண்டாக மடிந்திருந்தது. ரேடியேட்டர் என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் வளையம் உடைந்து பாதிதான் இருந்தது. அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை மூன்று சுற்று சுற்றினார். பிறகு பையிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைத்தாளை எடுத்து, சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் வைத்து, "பாப்பா, அசையாம பிடி" என்றார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தார். கறுப்புக்குள்ளிருந்து ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக வெள்ளையாக எழும்பி வந்தது. எனக்கு அது அதிசயமாக இருந்தது. வண்டி இன்னும் உயிரோடிருந்து தன் பெயரைச் சொல்கிறது என்று தோன்றியது.

படம் எடுத்துக்கொண்டார். அப்பா கட்டிலில் படுத்தபடியே கேட்டனுப்பியிருந்த கேள்வியை நான் கேட்டேன். "சார், எவ்வளவு வரும்னு அப்பா கேக்கச் சொன்னாங்க."

"ரிப்போர்ட் போகும். ஆபீஸ்ல சொல்வாங்க."

அந்த ரிப்போர்ட்டை நாங்கள் கடைசிவரை கண்ணால் பார்க்கவில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை விட்டு ஒரு திங்கட்கிழமை இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போகக் கடலூர் பஸ் ஏறுவோம். ஒரு தரம் ரிப்போர்ட் வரவில்லை என்பார்கள். இன்னொரு தரம் வந்துவிட்டது, ஆனால் டிவிஷன் ஆபீஸுக்குப் போயிருக்கிறது என்பார்கள். பிறகு ஃபைல் பார்க்கிறவர் லீவு. யாரும் எங்களைத் திட்டவில்லை. ஒரு வயதான கிளார்க் எங்களைப் பார்த்தாலே பெஞ்சைக் காட்டி "காலை நீட்டி உட்காருங்க பெரியவரே" என்பார். அந்த அன்பை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த அன்பால் ஃபைல் ஒரு மேசைகூட நகரவில்லை. 'அந்தக் காலத்தில் மனிதர்கள் இருந்தார்கள், இப்போது எல்லாம் மெஷின்' என்று பேசுகிறவர்களோடு என்னால் முழுதாக ஒத்துப்போக முடியாததற்கு இதுதான் காரணம். பதினான்கு மாதமும் ஃபைனான்ஸ்காரருக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

1988 மார்ச்சில் கூப்பிட்டார்கள். பாலிசியில் வண்டியின் மதிப்பு 48,000 ரூபாய் என்று போட்டிருந்தது. பிரீமியமும் அந்த மதிப்புக்குத்தான் கட்டியிருந்தோம். அதிகாரி சொன்ன கணக்கு வேறு. "48,000 நீங்களா சொன்ன மதிப்பு. விபத்துக்கு முந்தின நாள் மார்க்கெட்ல இந்த வண்டி என்ன விலைக்குப் போகும்னுதான் நாங்க பாக்கணும். 37,000. அதுல உடைஞ்ச வண்டி உங்ககிட்டயே இருக்கு, அதுக்கு 5,500 கழிக்கணும். 31,500."

அப்பா வாயைத் திறக்கவில்லை. அன்றைய பாலிசி அப்படித்தான் இருந்தது. நாம் சொல்லும் மதிப்பு உச்சவரம்புதான். கிடைப்பது விபத்து நாளின் சந்தை விலை. அந்தச் சந்தை விலை என்னவென்று சொல்வதும் அவர்கள் தரப்பு.

வவுச்சரை நீட்டினார்கள். கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. அப்பா அதை என்னிடம் கொடுத்து, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா" என்றார். நான் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். வீட்டில் ஒரு லிஃப்கோ டிக்ஷனரி இருந்தது, அது வீட்டிலேயே இருந்துவிட்டது. தெரிந்த வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் படித்தேன். தொகையைப் படித்தேன். அப்பா பெயரைப் படித்தேன். கடைசி வரியில் இரண்டு வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தது. 'முழு', 'திருப்தி'.

"முழுத் திருப்தியோட வாங்கிக்கிட்டேன்னு எழுதியிருக்குப்பா."

"திருப்தியா?" என்று அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். "இப்ப போட்டாத்தான் இந்த மாசக் கணக்குல செக் வரும்" என்றார் அவர். அப்பா பேனாவை வாங்கி, பாதி ஸ்டாம்ப் மேலும் பாதி காகிதத்திலுமாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வரிக்கு உண்மையான அர்த்தம், இத்தோடு என் கோரிக்கை முழுதாகத் தீர்ந்தது, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்பது. பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஃபைனான்ஸ் கடன் அசலும் வட்டியும் போக மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. உடைந்த வண்டியைப் புதுப்பேட்டை வியாபாரி ஒருவர் வந்து 4,000 ரூபாய்க்கு எடுத்துப்போனார். கம்பெனி கழித்துக்கொண்ட 5,500 எங்களுக்கு வரவேயில்லை. அதன்பிறகு அப்பா சொந்த வண்டி வாங்கவில்லை. சாகும்வரை ஆக்டிங் டிரைவராகவே இருந்தார்.

இடையில் நாடு மாறியது. 1999-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்தது, தனியார் கம்பெனிகள் திரும்பி வந்தன. எங்கள் கதைக்கு அதைவிட முக்கியமானது 2002-இல் வந்த ஒரு மாற்றம். வண்டியின் மதிப்பை பாலிசி எடுக்கும் அன்றே ஓர் அட்டவணைப்படி நிர்ணயித்து எழுதிவிட வேண்டும் என்று ஆக்கினார்கள். ஐ.டி.வி. என்று இன்றைக்கு எல்லோரும் சொல்வது அதுதான். ஷோரூம் விலையில், ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டு வருஷத்துக்குள் 20, பிறகு வருஷத்துக்குப் பத்துப் பத்தாகக் கூடி ஐந்தாவது வருஷத்தில் 50. வண்டி முழுதாகப் போனால் அந்த மதிப்பைத்தான் தரவேண்டும், அன்றைக்கு மார்க்கெட்டில் என்ன விலை என்று பேரம் பேச முடியாது. 48,000-க்கும் 37,000-க்கும் நடுவில் அப்பா இழந்த 11,000 ரூபாயை இந்த ஒரு விதி காப்பாற்றியிருக்கும். பதினான்கு வருஷம் தாமதமாக வந்தது.

இனி என் கார். 2019 ஜூனில் வாங்கியது, விலை ஏழு லட்சம். நான்கு வருஷம் முடியும் சமயத்தில், 2023 ஜூனில் பாலிசியைப் புதுப்பித்தபோது ஐ.டி.வி. 4,20,000. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் பக்கத்தில் வீடு வாங்கிய என்னைப் போன்றவர்கள் தண்ணீருக்கு உரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை 2015 டிசம்பரில் ஒருமுறை தெரிந்துகொண்டோம், மிக்ஜாம் புயலில் மறுபடியும் தெரிந்துகொண்டோம். 4-ஆம் தேதி விடியும்போது கார் ஸ்டீயரிங் வரை தண்ணீரில் இருந்தது. சாயங்காலம் கூரை மட்டும் தெரிந்தது.

6-ஆம் தேதி தண்ணீர் வடிந்தது. எதிர்வீட்டுத் தம்பி தன் வண்டிக்குள் உட்கார்ந்து பட்டனை அழுத்தப் போனதைப் பார்த்து மாடியிலிருந்து கத்தினேன். அவர் காதில் விழவில்லை. ஒரே ஒரு சத்தம், அத்தோடு என்ஜின் பிடித்துக்கொண்டது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் மூழ்கியதற்கு இன்ஷூரன்ஸ் உண்டு. மூழ்கிய பிறகு நாமே ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், அது வெள்ளத்தின் நேரடி விளைவு இல்லை என்று சாதாரண பாலிசியில் தள்ளிவிடுவார்கள். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் கவர் எடுத்திருக்க வேண்டும். அவரிடம் அது இல்லை. என்ஜின் செலவு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முடிந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

என் காருக்கு, போனில் புகார் பதிந்த நாலாவது நிமிஷம் க்ளெய்ம் நம்பர் வந்துவிட்டது. மறுநாள் வீடியோ சர்வே. செல்போனில் வந்த லிங்க்கை அழுத்தினால் மறுமுனையில் ஒரு இளைஞரின் குரல், முகம் இல்லை. இந்தியும் ஆங்கிலமும் கலந்து, "மேடம், லெஃப்ட் சைடு... பின்னாடி... உள்ளே" என்று சொல்லச் சொல்ல, சேற்றில் காலை இழுத்து இழுத்து வைத்து நான் சுற்றி வந்தேன். சேசிஸ் நம்பரைக் காட்டச் சொன்னார். அதன்மேல் அரை இஞ்ச் சேறு. துண்டால் துடைத்தேன். எண்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தபோது, முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய அந்த வெள்ளைத்தாளும் பென்சிலும் என் கண்முன் வந்தன. "ஓகே மேடம்" என்று அவர் துண்டித்துவிட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ரெக்கவரி வேன்காரர் 7,500 ரூபாய் வாங்கினார், ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒர்க் ஷாப்பில் இடமில்லாமல் பக்கத்துக் காலி மைதானத்தில் கார்களை வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே சேற்று வாடை. எஸ்டிமேட் 3,62,000. சர்வேயர் அதைக் குறைத்து ஒப்புக்கொண்டது 3,14,200.

இங்கேதான் கணக்கு. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு, டோட்டல் லாஸ். அப்போது ஐ.டி.வி. முழுவதும் கிடைக்கும். தாண்டாவிட்டால் ரிப்பேர்தான். ரிப்பேர் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்குப் பாதி, நாலரை வருஷ வண்டியின் இரும்புக்கு 35 சதவீதம். என் கையிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் போட்டு, ஒயரிங் முழுக்கத் தண்ணீர் குடித்த வண்டியை ஓட்டவேண்டும். 4,20,000-இல் 75 சதவீதம் 3,15,000. சர்வேயரின் தொகை அதற்கு 800 ரூபாய் கீழே நின்றது.

ஒர்க் ஷாப்பிலிருந்து போன் வந்தது. "மேடம், உங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும். சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுடலாம்."

செல்போனைப் பார்த்தேன். ஆறு எண்ணுக்கு மேலே ஒரு லிங்க். அதைத் திறந்தால் ஒரு பக்கக் கடிதம். ரிப்பேர் அடிப்படையில் இந்தத் தொகைக்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன், இதுவே முழுமையான, இறுதியான தீர்வு. எழுத்துக்கு எழுத்து அதே ஆங்கிலம். ஸ்டாம்ப் இருந்த இடத்தில் இப்போது ஓ.டி.பி. இருந்தது.

"அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அன்று இரவு பாலிசியின் இருபத்தேழு பக்கத்தையும் முதல் எழுத்திலிருந்து படித்தேன். நாலரை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைத் திறந்ததில்லை. பதினொன்றாம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. வண்டியை 'மீட்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும்' ஆகும் மொத்தச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு. பழுதுபார்ப்பது மட்டும் இல்லை, மீட்பதும் சேர்ந்தது. விழுந்த பள்ளத்திலிருந்து, மூழ்கிய தண்ணீரிலிருந்து வண்டியை வெளியே கொண்டுவரும் செலவு. என்னிடம் ரசீது இருக்கிறது.

எழுதி அனுப்பினேன். இழுவைக்கு பாலிசியில் 1,500 ரூபாய்தான் வரம்பு, 7,500 செல்லாது என்று பதில் வந்தது. நான் திருப்பி எழுதியது இரண்டே வரி. 3,14,200-உடன் 1,500-ஐக் கூட்டினால் 3,15,700. அது 3,15,000-ஐவிட அதிகம்.

அதற்குப் பதிலே வரவில்லை. ஒன்பது நாள் 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வாசகம். கூப்பிட்டால் ஒரு பெண் குரல் எண்களை அழுத்தச் சொல்லும். கடலூர் ஆபீஸின் பெஞ்ச் இல்லை, காலை நீட்டச் சொல்ல அந்தக் கிளார்க் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அப்பாவிடம் இல்லாத சில விஷயங்கள் என்னிடம் இருந்தன. சர்வே ரிப்போர்ட்டின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினேன், கேட்டால் தரவேண்டும். அந்த ரிப்போர்ட்தான் கடைசி வார்த்தை என்று கிடையாது, மாறுபட்ட சான்று இருந்தால் அதை மீறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஒரு வாகன இழப்பீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இதையெல்லாம் குறிப்பிட்டு எழுதினேன். ஒரு மாதத்தில் தீராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போவேன் என்றும் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் 'முழு இழப்பாக ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகும் ஒரு இடத்தில் நின்றேன். வண்டியை அவர்கள் எடுத்துக்கொள்ள ஆர்.சி., இரண்டு சாவி, ஃபார்ம் 28, 29, 30 எல்லாம் வேண்டும். ஃபார்ம்களில் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விடச் சொன்னார்கள். மறுத்தேன். செத்த வண்டியின் ஆர்.சி.யும் சேசிஸ் நம்பரும் திருட்டு வண்டிக்கு உயிர் கொடுக்கப் போகும், போலீஸ் வரும்போது பெயர் நம்முடையதாக இருக்கும். வாங்குபவரின் பெயரும் தேதியும் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். வண்டியை ஒப்படைத்த நாள், நேரம் எழுதி ரசீதும் வாங்கினேன். 2024 பிப்ரவரி 6-ஆம் தேதி, கட்டாயக் கழிவு 1,000 போக, 4,19,000 ரூபாய் வங்கியில் வந்தது.

அன்றைக்கு அப்பாவை நினைத்துக்கொண்டேன். 2015-இல் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தீர்வு வவுச்சரில் கையெழுத்துப் போட்டதாலேயே, கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றத்துக்கோ நுகர்வோர் மன்றத்துக்கோ போகும் உரிமை பாலிசிதாரருக்குப் போய்விடாது என்பது அதன் சாரம். கஷ்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்குக்கூடக் கதவு மூடவில்லை. ஆனால் இது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த மைதானத்தில் நின்ற கார்களின் சொந்தக்காரர்களில் பலர் மறுநாளே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் நான் பேசினேன். யாரும் அந்தக் கடிதத்தைத் திறந்து பார்க்கவில்லை. கால் டாக்ஸி ஓட்டும் ஒரு அண்ணன், "படிச்சா மட்டும் புரியவா போகுது மேடம்?" என்றார். அவருக்கு என் அப்பாவின் வயதுதான் இருக்கும், அந்த மார்ச் மாதத்தில்.

அவருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி சொல்லும் தொகையில் சம்மதமில்லை என்றால் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள். சர்வே ரிப்போர்ட்டைக் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஐம்பது லட்ச ரூபாய் வரை அவர் விசாரிக்கலாம். இந்த ஏற்பாடு 1998-இல் வந்தது, அப்பா கையெழுத்துப் போட்டுப் பத்து வருஷம் கழித்து.

இப்போது ஒரு பழைய கார் வைத்திருக்கிறேன். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நின்ற கார்களில் என்னுடையதும் ஒன்று. அந்தக் காருக்கு பாலிசி எடுத்தபோது, நிபந்தனைகள் முழுவதையும் தமிழில் தரும்படி கம்பெனிக்கு எழுதினேன். விளம்பரம் தமிழில் வருகிறது, பிரீமியம் கட்டச் சொல்லும் எஸ்.எம்.எஸ். தமிழில் வருகிறது. வண்டி உடைந்தால் என்ன தருவார்கள் என்பது மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு ஆங்கிலப் பாலிசிதான் வந்தது. மறுபடியும் எழுதியிருக்கிறேன். ஒருத்தி எழுதினால் ஒரு கடிதம். நீங்களும் உங்கள் கம்பெனிக்கு எழுதுங்கள்.